விமானம் ஏறும் ஆளில்லா வானூர்தி

நுழையும்முன்

பயணத்திற்குப் பெட்டி கட்டுவது எளிய செயலாகவே தோன்றும். ஆயினும், கட்டும் பொருளின் இயல்பை அறியாமல் கட்டினால், அது நம்முடன் பயணம் செய்யும் அனைவருக்கும் இடராக முடியக்கூடும். ஆளில்லா வானூர்தியையும் அதன் மின்கலங்களையும் விமானத்தில் எவ்வாறு எடுத்துச் செல்ல வேண்டும், அதற்கான விதிகள் எக்காரணம் பற்றி எழுந்தன என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

தலைகீழாகத் தோன்றும் விதி

டிரோன் என்று நாம் வழங்கும் ஆளில்லா வானூர்தி இன்று பல துறைகளில் பயன்படுகிறது. 2013ஆம் ஆண்டு உத்தராகண்ட் மாநிலத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, மலைப்பகுதிகளில் சிக்கியவர்களைத் தேட அது உதவியது. 2020ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சுவாமித்வா திட்டத்தின்கீழ், சிற்றூர்களின் குடியிருப்பு நிலங்களை அளந்து வரைபடமாக்கும் பணியிலும் அது ஈடுபடுத்தப்படுகிறது. மாணவர்களும் தாமே டிரோன்களை உருவாக்கிப் போட்டிகளுக்கு எடுத்துச் செல்கின்றனர்.

தில்லியிலிருந்து சென்னையில் நடைபெறும் போட்டி ஒன்றிற்கு ஒரு மாணவர் குழு விமானத்தில் செல்வதாகக் கொள்வோம். டிரோன், அதன் கட்டுப்பாட்டுக் கருவி, நான்கு மின்கலங்கள் ஆகியவை அக்குழுவிடம் உள்ளன. மின்கலம் தீப்பற்றக்கூடிய பொருள் என்பதை அறிந்த மாணவர்கள், அதனைப் பயணியரிடமிருந்து விலக்கிப் பெரிய பெட்டியில் வைத்துச் சரக்கறைக்கு அனுப்புவதே பாதுகாப்பு என்று எண்ணக்கூடும். விதியோ இதற்கு நேர்மாறாக உள்ளது. உதிரி மின்கலம் எதுவும் சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் இருத்தல் ஆகாது. அது பயணியின் கைப்பையில்தான் இருத்தல் வேண்டும்.

தீப்பற்றக்கூடிய ஒன்றை மனிதர் அமர்ந்திருக்கும் இடத்திலேயே வைக்கச் சொல்வது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண, முதலில் மின்கலத்தின் உள்ளமைப்பை அறிதல் வேண்டும்.

மின்கலத்தின் உள்ளே

டிரோன்களில் பெரும்பாலும் லித்தியம் அயனி வகை மின்கலங்களே பயன்படுகின்றன. அவற்றுள் மென்மையான உறையில் அடைக்கப்பெற்ற லித்தியம் பாலிமர் மின்கலமும் அடங்கும். 1991ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலம், கைப்பேசி முதல் மின்மகிழுந்து வரை எல்லாவற்றிலும் இடம்பெற்றது. அதனை உருவாக்க வழிகோலிய ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. குறைந்த எடையில் மிகுந்த ஆற்றலைத் தேக்கி வைப்பதே இதன் சிறப்பு. பறக்கும் கருவிக்கு இச்சிறப்பு இன்றியமையாதது. இடருக்கும் இச்சிறப்பே காரணமாகிறது.

மின்கலத்தினுள் நேர்மின்வாய், எதிர்மின்வாய் என இரு தகடுகள் உள்ளன. அவை ஒன்றையொன்று தொடாதவாறு, மயிரிழையினும் மெல்லிய நுண்துளைப் படலம் ஒன்று இடையே நிற்கிறது. எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பானால் ஆன மின்பகுளி இவற்றைச் சூழ்ந்துள்ளது. கீழே விழுதல், நசுங்குதல், மிகையாக மின்னேற்றுதல், உற்பத்திக் குறைபாடு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றால் அப்படலம் சிதைந்தால் தகடுகள் இரண்டும் தொட்டுக்கொள்ளும். உடனே மின்னோட்டம் குறுக்குச்சுற்றாகப் பாய்ந்து வெப்பம் எழும். அவ்வெப்பம் வேதிவினைகளைத் தூண்டும். அவ்வினைகள் மேலும் வெப்பத்தை உண்டாக்கும். இவ்வாறு வெப்பமே வெப்பத்தை வளர்த்துக் கட்டுமீறிச் செல்லும். நேர்மின்வாய்ப் பொருள் சிதையும்போது ஆக்சிஜனும் வெளிப்படக்கூடும். ஓர் அறை வெடித்துத் தீப்பற்றினால், அடுத்திருக்கும் அறைகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சூடேறித் தீப்பற்றும்.

குறுக்குச்சுற்று வெளியிலும் நேரலாம். மின்கலத்தின் இரு முனைகளையும் ஒரு சாவியோ நாணயமோ திருகாணியோ ஒருசேரத் தொட்டாலே போதும். பைக்குள் தனியே கிடக்கும் மின்கலத்திற்கு இத்தகைய இடர் மிகுதி. கருவிக்குள் பொருத்தப்பட்ட மின்கலத்தினும் உதிரி மின்கலத்திற்கு விதிகள் கடுமையாக இருப்பதன் காரணம் இதுவே.

கண்ணெதிரே இருப்பதே காப்பு

பயணியர் விமானங்களின் சரக்கறையில் தீ எழுந்தால் அதனை அடக்க, ஹாலான் என்னும் வாயுவைச் செலுத்தும் அமைப்பு பொதுவாக உண்டு. துணி, காகிதம் போன்றவற்றில் பற்றிய தீயை அது நன்கு அடக்கும். லித்தியம் மின்கலத் தீயின் சுடரையும் அது அணைக்கலாம். ஆனால் அது மின்கலத்தைக் குளிர்விப்பதில்லை. உள்ளே வெப்பம் தணியாதவரை அடுத்தடுத்த அறைகள் சூடேறிக்கொண்டே இருக்கும். விமானம் பறக்கும்போது சரக்கறையில் மனிதர் எவரும் இல்லை. அங்குள்ள ஒரு பெட்டியைத் திறந்து நீரூற்றிக் குளிர்விக்க எக்கையும் எட்டாது.

எட்டாத இடத்தில் எழும் தீ எத்துணைக் கொடியது என்பதை 2010ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் உலகம் கண்டது. துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் புறப்பட்ட போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று, லித்தியம் மின்கலங்களையும் பேரளவில் ஏற்றிச் சென்றது. வானில் இருக்கும்போது சரக்குத் தளத்தில் தீ எழுந்தது. விமானிகள் துபாய்க்குத் திரும்ப முயன்றனர். எனினும் அவர்களது அறையைப் புகை சூழ்ந்தது. விமானம் தரையில் மோதியது. அதிலிருந்த விமானிகள் இருவரும் உயிரிழந்தனர்.

பயணியர் அறையில் நிலை வேறு. அங்கே ஒரு பையில் புகை எழுந்தால் அருகிலிருப்பவர் உடனே காண்பார். விமானப் பணியாளர்கள் இதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள். அவர்கள் தீயணைப்பானால் சுடரை அடக்கி, நீரூற்றி மின்கலத்தைக் குளிர்விப்பர். இடர் நேரும் வாய்ப்பு இரு இடங்களிலும் உண்டு. அதனைக் கண்டு தடுக்கும் கண்ணும் கையும் பயணியர் அறையில் மட்டுமே உண்டு. தலைகீழாகத் தோன்றிய விதியின் பொருள் இதுதான்.

ஆயினும், பயணியர் அறையில் இருந்தால் மட்டும் போதாது என்பதை மற்றொரு நிகழ்வு உணர்த்திற்று. 2025ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், தென் கொரியாவின் பூசான் நகரிலுள்ள விமான நிலையத்தில், புறப்படக் காத்திருந்த பயணியர் விமானத்தின் இருக்கை மேற்பேழை ஒன்றில் தீ எழுந்தது. விமானத்தில் இருந்த 176 பேரும் வெளியேற்றப்பட்டனர். விமானத்தின் மேற்கூரை எரிந்தது. பவர் பேங்க் ஒன்றே காரணமாக இருக்கலாம் என விசாரணையில் கருதப்பட்டது. அதன்பின், பவர் பேங்குகளை மேற்பேழையில் வைக்காமல் பயணியர் தம்முடனேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்நாடு விதித்தது. மூடிய பேழையும் கண்ணுக்கு மறைவான இடமே அன்றோ?

வாட்-மணிக் கணக்கு

எம்மின்கலத்தை எடுத்துச் செல்லலாம் என்பதை அதன் எடையோ பருமனோ முடிவு செய்வதில்லை. அதில் தேங்கியிருக்கக்கூடிய ஆற்றலே முடிவு செய்கிறது. அவ்வாற்றலை வாட்-மணி என்னும் அலகால் அளப்பர். மின்கலத்தின் மேல் அச்சிடப்பட்டுள்ள வோல்ட் அளவை ஆம்பியர்-மணி அளவால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். மில்லி ஆம்பியர்-மணியாகக் குறிக்கப்பட்டிருந்தால், அதனை முதலில் 1000 ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

சிறிய டிரோன் ஒன்றின் மின்கலம் 7.2 வோல்ட், 2250 மில்லி ஆம்பியர்-மணி எனக் கொள்வோம். 7.2 × 2.25 = 16.2 வாட்-மணி. படம் எடுக்க உதவும் நடுத்தர டிரோனின் மின்கலம் 15.4 வோல்ட், 5000 மில்லி ஆம்பியர்-மணி எனில், 15.4 × 5 = 77 வாட்-மணி.

பன்னாட்டு விமானப் போக்குவரத்தில் பின்பற்றப்படும் எல்லைகள் மூன்று.

100 வாட்-மணி வரை: விமான நிறுவனத்தின் தனி ஒப்புதலின்றிக் கைப்பையில் எடுத்துச் செல்லலாம். எத்தனை மின்கலங்கள் வரை என்பதற்கு நிறுவனம் வரம்பு விதித்திருக்கக்கூடும்.

100க்கு மேல் 160 வாட்-மணி வரை: விமான நிறுவனத்தின் முன் ஒப்புதல் வேண்டும். ஒருவர் இரண்டு உதிரி மின்கலங்களுக்கு மேல் கொண்டு செல்லலாகாது.

160 வாட்-மணிக்கு மேல்: பயணி தம் பையிலோ பெட்டியிலோ டிரோன் மின்கலத்தைக் கொண்டு செல்ல இயலாது. ஆபத்தான சரக்குக்குரிய முறைகளின்படியே அனுப்ப வேண்டும்.

வயலில் மருந்து தெளிக்கும் டிரோனின் மின்கலம் 22.2 வோல்ட், 16 ஆம்பியர்-மணி எனில், அதன் அளவு 355.2 வாட்-மணி. அத்தகைய மின்கலத்துடன் வரும் பயணி நுழைவாயிலிலேயே தடுக்கப்படுவார். இங்கே ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும்: இவ்வெல்லை ஒவ்வொரு மின்கலத்திற்கும் தனித்தனியே உரியது. 77 வாட்-மணி மின்கலங்கள் இரண்டு இருப்பின், அவற்றைக் கூட்டி 154 எனக் கணக்கிட வேண்டியதில்லை.

பொதி கட்டும் முறை

முதலில் மின்கலங்களை ஒவ்வொன்றாக ஆராய வேண்டும். உப்பியது, உறை கிழிந்தது, கசிந்தது, கீழே விழுந்து நசுங்கியது, உற்பத்தியாளரால் திரும்பப் பெறப்பட்டது ஆகிய எதனையும் விமானத்திற்குக் கொண்டு வரலாகாது. அளவுகள் அழிந்துபோன மின்கலமும் சோதனையில் மறுக்கப்படலாம். எனவே எழுத்துகள் தெளிவாக உள்ளனவா என்பதையும் பார்த்தல் நன்று.

அடுத்து, மின்னேற்றத்தைக் குறைக்க வேண்டும். முழுதும் ஏற்றிய மின்கலம் பழுதுற்றால் வெளிப்படும் வெப்பமும் மிகுதி. ஆதலால் பாதியளவோ அதற்குக் குறைவாகவோ வைத்துக்கொண்டு, போட்டி நடைபெறும் ஊரை அடைந்தபின் ஏற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, மின்முனைகளை மூட வேண்டும். மூடி இருந்தால் பொருத்தலாம். இல்லையேல் மின்காப்பு நாடாவை ஒட்டலாம். பின்னர் ஒவ்வொரு மின்கலத்தையும் தனித்தனிப் பையில் இட வேண்டும். தீயைத் தாங்கும் பை கூடுதல் காப்பாகும். எனினும் அப்பையில் இட்டுவிட்டதால் மின்கலத்தைச் சரக்கறைக்கு அனுப்பலாம் என்று கருதுதல் தவறு.

நான்காவதாக, டிரோனைக் கட்ட வேண்டும். மின்கலத்தைக் கழற்றி, சுழலும் இறக்கைகளையும் கழற்றி அல்லது மடக்கி, படக்கருவியைத் தாங்கும் பகுதி அசையாதவாறு அதற்குரிய மூடியை இட வேண்டும். டிரோனைக் கைப்பையில் அனுமதிப்பதா, சரக்கறைப் பெட்டியில் மட்டும் ஏற்பதா என்பது நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். பயணச்சீட்டு வாங்கும்போதே கேட்டு அறிதல் வேண்டும். டிரோனிலிருந்து கழற்றிய அக்கணமே அம்மின்கலம் உதிரி மின்கலம் ஆகிவிடுகிறது. டிரோன் எங்குச் சென்றாலும் அம்மின்கலம் கைப்பைக்கே வர வேண்டும். திருப்புளி, கத்தி முதலிய கருவிகளைச் சரக்கறைப் பெட்டியில் இடுதல் நன்று.

விமான நிலையத்தில்

நம் நாட்டின் பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் பயணியரைச் சோதிக்கும் பணியை மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் செய்கின்றனர். மின்கலங்களைப் பையின் அடியில் புதைக்காமல் எளிதில் எடுத்துக் காட்டுமாறு வைத்தால் சோதனை விரைவில் முடியும். ஒப்புதல் கடிதம் இருப்பின் அதன் படியையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிலவேளைகளில், மேற்பேழைகள் நிரம்பிவிட்டன என்று கூறி, விமான வாயிலில் கைப்பைகளைப் பெற்றுச் சரக்கறைக்கு அனுப்புவர். பலர் தவறுவது இவ்விடத்தில்தான். பையைக் கொடுக்குமுன் மின்கலங்களை எடுத்துத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். பையில் அவை இருப்பதைப் பணியாளரிடம் தயங்காமல் சொல்லவும் வேண்டும். பறக்கும்போது மின்கலம் சூடேறுவதையோ புகைவதையோ கண்டால், மறைக்க முயலாமல் அக்கணமே பணியாளரை அழைக்க வேண்டும்.

சேருமிடத்தின் சட்டத்தையும் அறிதல் தேவை. இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி, இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் உரிய முன் அனுமதியின்றி டிரோனைப் பறக்கவிடலாகாது. மேலும், முழுமையாக உருவாக்கப்பட்ட டிரோன்களின் இறக்குமதி, சில விலக்குகள் நீங்கலாக, 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் தடை செய்யப்பட்டது. ஆதலால் வெளிநாட்டில் வாங்கிய டிரோனைக் கொண்டு வருவோர் சுங்கச் சோதனையில் அதனை இழக்க நேரிடலாம்.

விதியும் காரணமும்

விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர், புதிய கருவி ஒன்று கைக்கு வந்தவுடன் திகைப்பார். காரணத்தை அறிந்தவர் திகைப்பதில்லை. இம்மின்கலம் எவ்வளவு ஆற்றலைத் தேக்கியுள்ளது, இதன் முனைகள் எதனைத் தொடக்கூடும், இதிலிருந்து புகை எழுந்தால் யார் காண்பார் என்னும் மூன்று வினாக்களை அவர் தமக்குள் கேட்டுக்கொள்வார். பவர் பேங்க், மடிக்கணினி, படக்கருவி என எதற்கும் இவ்வினாக்கள் பொருந்தும். பெட்டியை நாம் வீட்டில் தனியே அமர்ந்துதான் கட்டுகிறோம். ஆனால் அது முன்பின் அறியாத பலருடைய பெட்டிகளோடு ஒரே விமானத்தில் ஏறுகிறது. அவர்கள் நம் கவனத்தை நம்பியே கண்ணயர்கின்றனர்.

பயிற்சி

1. உதிரி மின்கலம் என்பது யாது? டிரோனிலிருந்து கழற்றிய மின்கலம் ஏன் அவ்வகையில் சேர்கிறது?

2. 22.2 வோல்ட், 6000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட மின்கலத்தின் வாட்-மணி அளவைக் கணக்கிடுக. அது எவ்வெல்லைக்குள் அடங்கும்?

3. சரக்கறையில் தீயடக்கும் அமைப்பு இருந்தும் மின்கலங்களை அங்கு அனுப்பாதது ஏன்? பாடப்பகுதியின் துணைகொண்டு விளக்குக.

4. குறுக்குச்சுற்று, சரக்கறை, முன் ஒப்புதல் ஆகிய சொற்களைச் சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.

5. முதன்முறையாக டிரோனுடன் விமானப் பயணம் மேற்கொள்ளும் உன் நண்பனுக்கு, செய்ய வேண்டியவற்றை விளக்கிக் கடிதம் எழுதுக.