தலையில் மூட்டை, கையில் தடி!

கோடைக்காலத்தில் ஐரோப்பாவின் எந்தப் பெரிய ரயில் நிலையத்தில் போய் நின்றாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கல்லூரி மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள். முதுகில் ஆளையே மறைக்கும் பெரிய பை. காலில் தடித்த பூட்ஸ். இன்று பாரிஸ், நாளை ஜெனீவா, அதற்கடுத்த நாள் மிலான் என்று ஊர் ஊராகச் சுற்றுவார்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான் சாப்பாடு. ஓர் அறையில் எட்டு பத்துப் பேர் படுக்கும் மலிவு விடுதிதான் வீடு. இதற்கு 'பேக்பேக்கிங்' என்று பெயர். இவர்களுக்காகவே 1972-ல் 'இன்டர்ரெயில்' என்ற ரயில் பாஸ்கூடக் கொண்டுவந்தார்கள். முதலில் அது 21 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும்தான். ஒரே சீட்டை வைத்துக்கொண்டு ஒரு மாதம் பல நாடுகளைச் சுற்றலாம்!

சரி குழந்தைகளே, ரயிலே இல்லாத காலத்தில் இரண்டு மாணவர்கள் இப்படிக் கிளம்பினார்கள் என்றால் நம்புவீர்களா? பஸ் கிடையாது, போன் கிடையாது, மாணவர் விடுதி கிடையாது. நடந்தே போனார்கள். அது 1790-ம் வருடம்.

ஒருவர் பெயர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த். 'எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதே' என்கிறீர்களா? ஆமாம், 'டாஃபடில்ஸ்' என்ற மஞ்சள் பூக்களைப் பற்றி ஆங்கிலத்தில் பாடினாரே, அதே கவிஞர்தான். ஆனால் அப்போது அவர் பெயர்பெற்ற கவிஞர் இல்லை. கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்த 20 வயது மாணவர், அவ்வளவுதான். இன்னொருவர் அவருடைய வகுப்புத் தோழர் ராபர்ட் ஜோன்ஸ். வேல்ஸ் நாட்டுக்காரர்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்துப் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போவது உண்டு. அதற்கு 'கிராண்ட் டூர்' என்று பெயர். குதிரை வண்டி, கூடவே ஒரு வாத்தியார், பெட்டி தூக்க வேலைக்காரர்கள் என்று பெரிய பரிவாரத்தோடு கிளம்புவார்கள். பாரிஸ், ஃபுளோரன்ஸ், ரோம், வெனிஸ் என்று சாவகாசமாக ஒரு வருடம், இரண்டு வருடம்கூடச் சுற்றுவார்கள்.

வில்லியமிடம் அவ்வளவு பணம் ஏது? அவருக்கு எட்டு வயது நிறைவதற்குச் சற்று முன்பு அம்மா இறந்துபோனார். பதின்மூன்று வயதில் அப்பாவும் போய்விட்டார். சொந்தக்காரர்கள் தயவில்தான் படிப்பு. அண்ணன் தம்பிகள் நான்கு பேர் ஒரு பக்கம், ஒரே தங்கை டோரதி ஒரு பக்கம் என்று குடும்பம் சிதறிக் கிடந்தது. அப்போது டோரதி தாய்மாமா வீட்டில் இருந்தாள்.

வில்லியம் நன்றாகப் படித்து, சிறப்பு வகுப்பில் தேறி, கல்லூரியிலேயே ஒரு பதவி வாங்கிவிடுவார் என்று உறவினர்கள் எதிர்பார்த்தார்கள். அடுத்த ஜனவரியில் கடைசித் தேர்வு. சிறப்பு வகுப்பு வேண்டுமென்றால் அந்தக் கோடை விடுமுறை முழுக்கக் கணக்குப் புத்தகத்தோடு உட்கார வேண்டும்.

வில்லியம் என்ன செய்தார் தெரியுமா? புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஜோன்ஸோடு கிளம்பிவிட்டார்! விஷயம் தெரிந்த நண்பர்கள் 'பைத்தியக்கார யோசனை' என்றார்கள். உயிருக்கு உயிரான தங்கையிடம்கூட அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் வாத்தியாரான நான் என்ன சொல்வது? 'பரவாயில்லை, நீங்களும் போங்கள்' என்று சொன்னால் உங்கள் அப்பா அம்மா என்னைச் சும்மா விடமாட்டார்கள். அதனால் கதையை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

ஆளுக்கு 20 பவுண்டு பணம். மாற்றுத் துணி போன்ற அவசியப் பொருள்களைக் கைக்குட்டையில் முடிந்த ஒரு சின்ன மூட்டை. கையில் ஓக் மரத் தடி. பயணத்துக்கென்றே ஒரே துணியில் லேசாகத் தைத்த கோட்டு. மூட்டையைத் தலைமேல் வைத்துக்கொண்டு இருவரும் நடந்ததைப் பார்த்துக் கிராமத்து ஜனங்கள் சிரித்தார்களாம்! வில்லியமே தங்கைக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்.

ஆங்கிலக் கால்வாயைக் கப்பலில் கடந்து பிரான்ஸின் கலே துறைமுகத்தில் இறங்கிய நாள் ஜூலை 13. மறுநாள் ஜூலை 14. பாஸ்டில் சிறையை மக்கள் தகர்த்து, பிரெஞ்சுப் புரட்சி வெடித்து, சரியாக ஒரு வருடம் நிறைவடையும் நாள். பாரிஸில் ராஜா பதினாறாம் லூயியே மக்கள் முன்னால் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். நாடு முழுக்கத் திருவிழா. இருவரும் நடந்த வழியெல்லாம் பூத்தோரணங்கள். ஜன்னல்களில் மாலைகள். சாயங்காலமானால் வெட்டவெளியில் ஆட்டம் பாட்டம்.

ஆனால் பாரிஸுக்கு அவர்கள் போகவே இல்லை! ஆல்ப்ஸ் மலையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் குறி. அராஸ், ட்ருவா என்று தெற்கு நோக்கி நடந்துகொண்டே இருந்தார்கள். பல நாள்கள் 20 மைல், அதற்கு மேலும்கூட நடந்தார்கள். 20 மைல் என்றால் 32 கிலோமீட்டர். உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் 16 தடவை பள்ளிக்கூடம் போய்த் திரும்புவதற்குச் சமம்!

ஷலோன் என்ற ஊரில் கொஞ்சம் கால்களுக்கு ஓய்வு. அங்கிருந்து லியோன் நகருக்கு ஆற்றில் படகு. அந்தப் படகில் பாரிஸ் விழாவுக்குப் போய்விட்டுத் திரும்பிய பிரெஞ்சுக்காரர்கள் ஏராளம். இங்கிலாந்து மாணவர்கள் என்று தெரிந்ததும் விருந்தாளிகளாகவே நடத்தினார்கள். ஒன்றாகச் சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பிறகு கைகோத்து வட்டமாக நடனம்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் கிராண்ட் ஷார்ட்ரூஸ் என்ற பழமையான மலை மடத்தில் தங்கினார்கள். 1084-ல் தொடங்கிய மடம் அது. துறவிகள் பெரும்பாலும் மௌனமாகவே வாழ்வார்கள். இரண்டே வருடத்தில், 1792-ல், புரட்சி அரசு அந்தத் துறவிகளை வெளியேற்றிவிட்டது. நல்லவேளை, இவர்கள் அதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள்.

அப்புறம் ஜெனீவா ஏரி. அதைத் தாண்டி மோன் பிளாங்க் சிகரம். சுமார் 4,800 மீட்டர் உயரம். அதை முதல்முதலாகப் பார்த்ததும் வில்லியம் துள்ளிக் குதித்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. ஏமாந்துபோனாராம்! இத்தனை நாள் மனசுக்குள் கட்டிவைத்திருந்த மலை அதைவிட அழகாக இருந்ததாம். உங்களில் சிலருக்கு இந்த அனுபவம் இருக்கும் என்று நினைக்கிறேன். மலைக்குக் கீழே ஷாமோனி பள்ளத்தாக்கில் ஆறுபோலப் பரந்து கிடந்த பனிக்கட்டியைப் பார்த்த பிறகுதான் மனசு சமாதானம் ஆனது.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். ஸ்விட்சர்லாந்திலிருந்து இத்தாலி பக்கம் போக ஆல்ப்ஸைக் கடக்க வேண்டும். அதற்கு சிம்ப்லான் என்ற கணவாய். சுமார் 2,000 மீட்டர் உயரம். ஆகஸ்ட் 17 அன்று இருவரும் ஏறினார்கள். வழியில் வேறு சில பயணிகளும் சேர்ந்துகொண்டார்கள். ஓரிடத்தில் எல்லாரும் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள். மற்றவர்கள் எழுந்து போய்விட, நம்மவர்கள் இருவரும் கொஞ்சம் தாமதித்துக் கிளம்பினார்கள்.

பாதை இறங்கி ஓர் ஓடைக்கரையில் முடிந்தது. அந்தக் கரையில் ஒரு பாதை மேலே மேலே ஏறிப்போனது. 'இதுதான் உச்சிக்குப் போகும் வழி' என்று ஓடையைத் தாண்டி உற்சாகமாக ஏறினார்கள். ஏறுகிறார்கள், ஏறுகிறார்கள், முன்னால் போனவர்களை மட்டும் காணோம்! மனசில் லேசாகப் பயம். அப்போது எதிரே ஒரு குடியானவர் வந்தார். வழி கேட்டார்கள்.

"வந்த வழியே கீழே இறங்குங்கள். ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே போங்கள். இனி முழுக்க இறக்கம்தான்" என்பதுபோலச் சொன்னார் அவர்.

இருவருக்கும் நம்பிக்கை வரவில்லை. மறுபடி மறுபடி கேட்டார்கள். எப்படிக் கேட்டாலும் அதே பதில். அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: அவர்கள் ஆல்ப்ஸை ஏற்கெனவே கடந்துவிட்டார்கள்! எதைப் பார்ப்பதற்காகப் பரீட்சையை விட்டு, ஒரு மாதத்துக்கு மேல் நடந்து வந்தார்களோ, அது எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை.

சோர்ந்துபோய் இறங்கினார்கள். இறங்கிய வழியோ இருபுறமும் செங்குத்துப் பாறை, நடுவே இரைச்சலோடு பாயும் தண்ணீர், மேலிருந்து விழும் அருவிகள் என்று இன்னொரு உலகமாக இருந்தது. ராத்திரி ஒரு பெரிய பழைய சத்திரத்தில் படுத்தார்கள். வெளியே தண்ணீர் போட்ட சத்தத்தில் தூக்கமே வரவில்லை. பிற்காலத்தில் வில்லியம் எழுதிய 'தி பிரெலூட்' என்ற நீண்ட கவிதையில் அந்தக் குழம்பிய பகலும் இந்த இறக்கமும்தான் மிகப் புகழ்பெற்ற பகுதிகளில் ஒன்று. சரியான உச்சியில் நின்று 'ஆகா' என்று பார்த்திருந்தால் அந்த வரிகள் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் ஒரு வேடிக்கை. கிராவிடோனா என்ற சிற்றூரில் தங்கினார்கள். நடு ராத்திரியில் மணிக்கூண்டு அடித்தது. அதை எண்ணிப் பார்த்து 'விடியப்போகிறது' என்று எழுந்து கிளம்பிவிட்டார்கள். இத்தாலி மணிக்கூண்டுகள் அந்தக் காலத்தில் இங்கிலாந்தைப் போல மணி அடிப்பதில்லை. சூரியன் மறைந்ததிலிருந்து மணியை எண்ணும் வழக்கம்கூட அங்கே இருந்தது! நடக்க நடக்க விடியவே காணோம். காட்டில் வழி தவறிவிட்டது. ஒரு பாறைமேல் உட்கார்ந்தார்கள். பூச்சிகள் பிடுங்கின. கீழே ஏரித் தண்ணீரில் நிலாவின் சிவந்த நிழல், பாம்பு நெளிவதுபோல ஆடிக்கொண்டிருந்தது. கண்ணும் சொருகுகிறது, தூங்கவும் முடியவில்லை. பொழுது எப்போது விடியும் என்று காத்துக் கிடந்தார்கள்.

பிறகு மறுபடி ஸ்விட்சர்லாந்து. லூசர்ன், ஜூரிச் வழியாக கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையை அடைந்தார்கள். அங்கே ஒரு கிராமத்தில் செப்டம்பர் 6-ம் தேதி வில்லியம் தங்கைக்கு நீண்ட கடிதம் எழுத உட்கார்ந்தார். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்டார். அழகான காட்சி எதைப் பார்த்தாலும் உடனே உன் ஞாபகம்தான், ஒரு நிமிஷமாவது நீ இங்கே வந்து நின்று பார்க்க முடிந்தால் எப்படி இருக்கும் என்று ஏங்கினேன் என்று எழுதினார்.

கடிதத்தைப் படித்த டோரதிக்கு வயது 18. முன்பே தெரிந்திருந்தால் நானும் இதைப் பைத்தியக்காரத்தனம் என்றுதான் சொல்லியிருப்பேன் என்று தன் தோழிக்கு எழுதினாள். கோபமில்லை, வியப்பு! அந்தக் காலத்தில் இப்படித் தடியை ஊன்றிக்கொண்டு ஊர் ஊராக நடக்க ஒரு பெண்ணை யார் விடுவார்கள்? மாமா வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, அண்ணன் எழுதிய ஊர்களை மனசுக்குள் சுற்றி வருவதுதான் அவளுக்கு வாய்த்தது.

பாசல் நகரத்தில் நம் மாணவர்கள் ஒரு படகையே விலைக்கு வாங்கினார்கள்! ரைன் நதியில் மிதந்தபடி ஜெர்மனியின் கொலோன் வரை வந்து, அங்கிருந்து ஊர் திரும்பினார்கள்.

ஜனவரி 1791-ல் தேர்வு முடிந்தது. வில்லியமுக்குச் சாதாரணப் பட்டம்தான் கிடைத்தது. சிறப்பு வகுப்பு இல்லை. கல்லூரிப் பதவியும் இல்லை. உறவினர்களுக்கு வருத்தம் இருக்கத்தானே செய்யும்? பல வருடங்கள் அவர் நிலையான வேலை இல்லாமல்தான் இருந்தார். இந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய கவிதை நூல் 1793-ல் வந்தது. அதை ஜோன்ஸுக்கே காணிக்கையாக்கினார். ஜோன்ஸ் பிறகு பாதிரியார் ஆனார். நட்பு கடைசிவரை நீடித்தது.

முப்பது வருடங்கள் கழித்து, 1820-ல், வில்லியம் மறுபடி ஆல்ப்ஸுக்குப் போனார். இப்போது வயது 50, பெயர்பெற்ற கவிஞர். மனைவி மேரியோடு இந்தத் தடவை டோரதியும் கூட வந்தார்! அவருக்கு 48 வயது. சிம்ப்லானில் நெப்போலியன் போட்ட அகலமான சாலை வந்துவிட்டிருந்தது. வண்டிகள் ஓடின. வில்லியம் ஓடைக்கரையில் தேடி, எதிர்க்கரையில் மேலேறும் அந்தத் தப்பான பாதையைக் கண்டுபிடித்துவிட்டார். அது அப்படியே இருந்தது. அண்ணன் அதைப் பார்த்து எவ்வளவு நெகிழ்ந்துபோனார், அந்தப் பழைய நாள் நேற்று நடந்ததுபோல எப்படி அவருக்குத் திரும்பி வந்தது என்பதையெல்லாம் டோரதி தன் பயணக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.