நோட்டில் மூன்றாவது நம்பர்!

"அப்பா, நம்ம ஏரியாவுல ஒரு பிரச்னை சொல்லுங்க!"

ராத்திரி ஒன்பது மணி. தட்டில் மூன்றாவது தோசை. இந்த நேரத்தில் ஆறாவது படிக்கும் மகள் இப்படிக் கேட்டால் என்ன சொல்வது?

"ஒண்ணே ஒண்ணு போதுமா?" என்றேன்.

"போதும். அதை நாங்களே தீர்க்கணுமாம். டிசைன் திங்க்கிங்னு மிஸ் சொன்னாங்க."

எனக்குத் தெரிந்த டிசைன், புடவைக் கடையில் நாற்பது புடவையைப் புரட்டிவிட்டு, "வேற டிசைன் இல்லையா?" என்று என் மனைவி கேட்பாரே, அது மட்டும்தான். நான் பி.காம். பற்றும் வரவும் டாலி ஆகிவிட்டால் நிம்மதியாகத் தூங்குகிற ரகம்!

பிரச்னையைத் தேடி அலைய வேண்டியதில்லை. பள்ளிக்கூட வாசலிலேயே இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் அங்கே ஒரு எல்.கே.ஜி. குழந்தையை ஷேர் ஆட்டோ இடித்து, காலில் மாவுக்கட்டு.

"இதுக்கு எதுக்கும்மா யோசனை? ஒரு வேகத்தடை போட்டா முடிஞ்சுது" என்று கை கழுவியதும் பேனாவை எடுத்தேன். 'பெறுநர்: உயர்திரு ஆணையர் அவர்கள்' வரை எழுதியும் விட்டேன்.

மகள் பேப்பரை ஓரமாகத் தள்ளினாள். "மொதல்லயே விடை எழுதக் கூடாதுப்பா. யாருக்குக் கஷ்டமோ அவங்களைப் போய்க் கேக்கணும்."

அட!

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. நாற்காலி செய்பவர், அதில் உட்காரப் போகிறவரை முதலில் கவனிப்பார் இல்லையா? அந்த வித்தைதான் இது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதை ஐந்து படிகளாகச் சொல்லித் தருகிறார்கள். கஷ்டப்படுகிறவர் இடத்தில் நின்று பார், பிரச்னை எது என்று தெளிவாகச் சொல், யோசனைகளைக் கொட்டு, செலவில்லாமல் ஒரு மாதிரி செய், அதைச் சோதித்துப் பார். தோற்றால் வெட்கப்படாமல் மறுபடி ஆரம்பி!

நம் நாட்டில் இதைக் குழந்தைகள் கைக்குக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் கிரண் பிர் சேத்தி. அகமதாபாத்தில் உள்ள தேசிய டிசைன் கல்வி நிலையத்தில் படித்தவர். 2001-ல் அதே ஊரில் ரிவர்சைடு பள்ளியைத் தொடங்கினார். 2009-ல் அவர் ஆரம்பித்த 'டிசைன் ஃபார் சேஞ்ச்' இயக்கம், அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போய்விட்டது. அவர் வைத்திருப்பது நான்கே படிகள். உணர், கற்பனை செய், செய்து பார், மற்றவர்களிடம் சொல்.

'உணர்' என்றால் சும்மா இல்லை. அவர் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குழந்தைகள் உரிமை பற்றிப் பாடம். எட்டு மணி நேரம் அகர்பத்தி உருட்ட வைத்தார்கள். குழந்தைத் தொழிலாளிக்கு முதுகு எப்படி வலிக்கும் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் அந்தப் பிள்ளைகளே ஊருக்குள் போய், இது கூடாது என்று பெரியவர்களிடம் வாதாடினார்கள்.

நம்ம கோஷ்டிக்கு வருவோம். மொத்தம் ஐந்து பேர். எல்.கே.ஜி. பையன் ஒருவனின் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்தார்கள். மூன்றடிக்கும் கீழே! அந்த உயரத்துக்குக் குனிந்து பள்ளி வாசலில் நின்று பார்த்தார்கள்.

"ரோடே தெரியலப்பா. டயரும் சைலன்சரும்தான் தெரியுது."

அப்புறம் பூக்கார அம்மா, வாட்ச்மேன் தாத்தா, கடைசியில் மிஸ்ஸையும் கூட்டிக்கொண்டு போய் அந்த ஷேர் ஆட்டோக்காரரையே கேட்டிருக்கிறார்கள். அவர் கண் கலங்கிவிட்டாராம். "பாப்பா, நான் மெதுவாத்தான் வந்தேன். ரெண்டு ஸ்கூட்டருக்கு நடுவுலேருந்து கொழந்தை திடீர்னு வந்துடுச்சு."

என் வேகத்தடை அங்கேயே உடைந்தது!

குழந்தைகள் ஏன் ரோட்டில் நடக்கிறார்கள்? பிளாட்பாரம் முழுக்க வண்டி. காலை எட்டே காலிலிருந்து எட்டு நாற்பது வரை எண்ணியதில் 23 டூ வீலர்கள். நம்பர்களைக்கூட நோட்டில் எழுதியிருந்தாள். வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது நம்பர் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அட, வருஷா வருஷம் நான் இன்ஷூரன்ஸ் கட்டுகிற நம்பர்!

"எழுத வேணாம்னு நெனைச்சேன்ப்பா. அப்புறம் எழுதிட்டேன்" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

எனக்குத் தூக்கம் போயிற்று. என் பெண் பத்திரமாக இறங்கட்டும் என்று பிளாட்பாரத்தில் ஏற்றி நிறுத்தினேன். அதே வண்டி, இன்னொரு வீட்டுக் குழந்தையை ரோட்டில் இறக்கிவிட்டிருக்கிறது. எனக்கு வரவு, அந்தக் குழந்தைக்குப் பற்று. இது எந்த லெட்ஜரில் டாலி ஆகும்?

பிள்ளைகள் சாக்பீஸால் கோடு போட்டார்கள். மழை அழித்தது. கயிறு கட்டினார்கள். அதன் மேலேயே வண்டியை ஏற்றினார்கள். "படிக்கிற வேலையைப் பாருங்க" என்று ஒருவர் அதட்ட, அன்று ராத்திரி வீட்டில் அழுகை. நானாக இருந்தால், "விடும்மா, நம்ம ஜனங்க திருந்தாது" என்று முடித்திருப்பேன். மிஸ் முடிக்கவில்லை. "ஏன் நிறுத்தறீங்கன்னு அவங்களைக் கேட்டீங்களா?" என்றாராம்.

கேட்கவில்லை! முதல் படியையே தாண்டிவிட்டிருக்கிறார்கள். போய்க் கேட்டதும் பதில் கிடைத்தது. "சின்னப் பிள்ளையைத் தனியா நடக்க விட பயம். ஆபீசுக்கும் லேட்டாகுது."

வாசலிலிருந்து நூறு மீட்டர் தள்ளி ரேஷன் கடை முன்னால் காலி இடம் இருக்கிறது. "அங்கேயே எறக்கி விட்டுட்டுப் போங்க, நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்றார்கள். முன்னால் ஒரு மிஸ், பின்னால் வாட்ச்மேன் தாத்தா, நடுவில் அதே கயிற்றைப் பிடித்தபடி குட்டிகள். முதல் நாள் நாலு பேர். இரண்டு வாரத்தில் கயிறு போதவில்லை! பிளாட்பாரத்தில் 23 வண்டி 9 ஆயிற்று. பூஜ்யம் ஆகவில்லை. ஆனாலும் 9.

இதற்காக ஊர்ப் பாரத்தையெல்லாம் பிள்ளைகள் தலையில் வைத்துவிடக் கூடாது. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை 2014-லேயே ஏற்றுக்கொண்டது சென்னை மாநகராட்சி. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் நகரம் நம்முடையது! பிளாட்பாரத்தில் கல் பதிக்க வேண்டியது பெரியவர்கள்தான். உடைந்த கல் எத்தனை என்று எண்ணி, பிள்ளைகளே ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். சீல் குத்தி வாங்கிக்கொண்டார்கள். கல் இன்னும் வரவில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இதுவும் 'ப்ராஜெக்ட்' ஆகி, தெர்மாகோலில் நகரம் செய்து, அதை அப்பா அம்மா ராத்திரி கண் விழித்து ஒட்டி, ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கி பரணில் போட்டுவிடுவோம். தெருவுக்கே போகாமல் தெருவைத் திருத்த முடியுமா?

இப்போது நானும் ரேஷன் கடை முன்னால்தான் நிறுத்துகிறேன். நேற்று ராத்திரி மகள் மறுபடி நோட்டோடு வந்தாள்.

"அப்பா, அடுத்த பிரச்னை கண்டுபிடிச்சாச்சு!"

"சொல்லும்மா. அதுக்கு முன்னாடி, அந்த லிஸ்ட்டுல நான் இருக்கேனான்னு மட்டும் சொல்லிடு!"