தீயேரி சுமக்கும் மலை

காங்கோ மக்களாட்சிக் குடியரசின் கிழக்கு எல்லையில், கிவு ஏரியின் வடகரையில் அமைந்துள்ள நகரம் கோமா. நகருக்கு வடக்கே இருபது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் 3,470 மீட்டர் உயரமுள்ள நைராகோங்கோ எரிமலை நிமிர்ந்து நிற்கிறது. அதன் வாய் ஒரு கிலோமீட்டருக்கும் மிகுதியான அகலம் கொண்டது. அவ்வாயினுள் கற்குழம்பு ஏரி ஒன்று பல்லாண்டுகளாகக் கொதித்துக்கொண்டிருந்தது. எரிமலை ஆய்வாளர் ஆரூன் தாசியெஃப் 1948ஆம் ஆண்டில் அதனைக் கண்டு உலகறியச் செய்தார்.

கிழக்கு ஆப்பிரிக்கா மெல்லப் பிளந்துகொண்டிருக்கும் நிலப்பகுதியாகும். அங்குப் புவித்தட்டுகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவில் விலகிச் செல்கின்றன. நம் நகம் வளரும் வேகத்தைவிட இது குறைவே. எனினும் பல மில்லியன் ஆண்டுகளில் இவ்விலகல் பெரும் பள்ளத்தாக்குகளைத் தோற்றுவித்துவிட்டது. பிளவின் மேற்குக் கிளையில் ஆல்பர்ட், எட்வர்ட், கிவு, தாங்கனிக்கா ஆகிய ஏரிகள் வரிசையாக அமைந்துள்ளன. ஒரு காலத்தில் கிவு ஏரியின் நீர் வடக்கு நோக்கி வடிந்து நைல் ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. இடையே எழுந்த விருங்கா எரிமலைகள் அவ்வழியை அடைத்துவிட்டன. இன்று அந்நீர் ருசிசி ஆற்றின் வழியே தெற்கே தாங்கனிக்காவை அடைகிறது. ஒரு நீர்வழியின் திசையையே மாற்றும் ஆற்றல் எரிமலைகளுக்கு உண்டு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

நைராகோங்கோவின் கொடுமை அதன் குழம்பின் இயல்பில் அடங்கியுள்ளது. கற்குழம்பில் சிலிக்கா மிகுந்திருந்தால் அது பாகுபோல் இறுகி, மெல்ல நகரும். இம்மலையின் குழம்பிலோ சிலிக்கா மிகக் குறைவு. சோடியமும் பொட்டாசியமும் மிகுதி. ஆதலால் சரிவில் அது நீர்போல் ஓடுகிறது. பிற எரிமலைகள் பலவற்றின் குழம்புக்கு மனிதர் நடந்தே விலகிவிடலாம். இங்கு ஓடினாலும் தப்புவது அரிது.

1977 சனவரி 10 அன்று மலையின் பக்கங்கள் வெடித்துப் பிளந்தன. ஏரியில் இருந்த குழம்பு முழுவதும் ஒரு மணிநேரத்திற்குள் வெளியேறியது. சரிவில் அதன் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் வரை இருந்ததாகக் கணித்துள்ளனர். சிற்றூர்கள் அழிந்தன. யானைக் கூட்டம் ஒன்றும் அதில் சிக்கி மாண்டது.

2002 சனவரி 17 அன்று பிளவுகள் நகரை நோக்கி நீண்டன. குழம்பு வானூர்தி நிலைய ஓடுபாதையின் ஒரு பகுதியை மூடி, கோமாவின் நடுவே புகுந்து, கிவு ஏரியில் விழுந்தது. ஏறத்தாழ நான்கு இலட்சம் மக்கள் வெளியேறினர். பலரும் எல்லை கடந்து உருவாண்டாவிற்குச் சென்றனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். மக்களோ சில நாள்களிலேயே திரும்பினர். குழம்பு இறுகிய கருங்கல்லையே உடைத்துச் சுவர் எழுப்பினர். இதனை அறியாமை எனல் தகாது. வளமான மண்ணும் எல்லை வணிகமும் தரும் வாழ்வை விட்டு அவர்கள் எங்குச் செல்வர்?

2021 மே 22 அன்று மாலை மலை மீண்டும் வெடித்தது. இம்முறை கருவிகள் பதிவுசெய்த முன்னறிகுறிகள் ஒரு மணிநேரத்திற்கும் குறைவாகவே நீடித்தன. கற்குழம்பு முன்னரே தரைமட்டத்திற்கு அருகில் தேங்கியிருந்ததே அதற்குக் காரணம் என ஆய்வாளர் விளக்குவர். முந்தைய மாதங்களில் நிதித்தட்டுப்பாட்டால் எரிமலை ஆய்வகத்தின் கண்காணிப்பும் தடைப்பட்டிருந்தது. குழம்பு நகரின் விளிம்பில் நின்றது. தொடர்ந்த நிலநடுக்கங்களால் ஐந்தாம் நாள் நகரின் ஒரு பகுதியை விட்டு வெளியேறுமாறு அரசு ஆணையிட்டது.

மலை அமைதியாக உள்ளபோதும் இடர் நீங்குவதில்லை. நிலவெடிப்புகளின் வழியே கசியும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது; ஆதலால் பள்ளங்களில் தேங்குகிறது. சுவாகிலி மொழியில் இதனை ‘மசுக்கு’, அதாவது தீய காற்று என்பர். நிறமும் மணமும் அற்ற இவ்வாயு காற்றில்லா இரவுகளிலும் விடியலிலும் செறிந்திருக்கும். நின்று நடக்கும் பெரியவருக்கு ஒன்றும் நேராத இடத்தில், தரையை ஒட்டி மேயும் ஆடும் குனிந்து விளையாடும் குழந்தையும் மூச்சடைத்து விழக்கூடும்.

கிவு ஏரியின் ஆழத்திலும் கரியமில வாயுவும் மீத்தேனும் பேரளவில் கரைந்துள்ளன. 1986இல் கேமரூன் நாட்டின் நியோசு ஏரி இவ்வாறு தேங்கிய வாயுவைத் திடீரென வெளியிட்டதில் ஏறத்தாழ 1,700 பேர் மாண்டனர். 2002இல் கிவுவில் விழுந்த குழம்பு வாயு செறிந்த ஆழத்தைக் கலக்கவில்லை. இன்று உருவாண்டா அரசின் கரைப்பகுதியில், அம்மீத்தேனைப் பிரித்தெடுத்து மின்னாற்றல் உருவாக்குகின்றனர்.