வக்காலத்தை மாற்றலாம், வழக்கைக் கைவிடலாகாது

2007-ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசச் சட்டமன்றத் தேர்தலில் பகுஜன் சமாஜ் கட்சி 403 இடங்களில் 206 இடங்களை வென்றது. தலித் பெண் ஒருவர், எந்தக் கூட்டணிக் கட்சியின் தயவும் இன்றி, இந்தியாவின் மிகப் பெரிய மாநிலத்தின் முதலமைச்சரானார். 2022-இல் அதே சட்டமன்றத்தில் அக்கட்சிக்குக் கிடைத்தது ஓர் இடம். 2024 மக்களவைத் தேர்தலில் ஓர் இடமும் கிடைக்கவில்லை.

இவ்வீழ்ச்சியைக் கட்சியின் கணக்காக மட்டும் பார்ப்பது போதாது. அக்கட்சிக்குத் தலைமுறைக் கணக்கில் வாக்களித்து மனம் கசந்துபோன மக்கள் அடுத்து என்ன செய்வது என்பதே நம் முன்னுள்ள கேள்வி. கல்லூரிக் கூட்டங்களில் மாணவர்கள் தமிழ்நாட்டுத் தலைவர்களை மனத்தில் வைத்து இதே கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள். மாயாவதி அவர்களின் அரசியல் வரலாறு அவர்களுக்கும் விடை சொல்லக்கூடியது.

ஏமாற்றம் எங்கே தொடங்கியது?

ஆட்சியை இழந்த பிறகுதான் அவர் மாறினார் என்பது தவறான புரிதல். தனிப்பெரும்பான்மையோடு பதவியேற்ற 2007-ஆம் ஆண்டிலேயே, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படக் கூடாது என்று வலியுறுத்தும் இரண்டு ஆணைகளை அவருடைய அரசு பிறப்பித்தது. கொலை, பாலியல் வல்லுறவு போன்ற கொடுங்குற்றங்களுக்கே அச்சட்டம் பயன்பட வேண்டும் என்ற திசையில் காவல்துறை திருப்பப்பட்டது. சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவதும் நிலத்தைப் பறிப்பதும் அன்றாடம் நிகழும் ஊர்களில் இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பார்ப்பனர்களையும் உள்ளடக்கிய 'சர்வஜன்' கூட்டணிக்குக் கொடுக்கப்பட்ட விலை அது. 2019-இல் பொருளாதாரத்தில் நலிந்த உயர்சாதியினருக்கான 10 விழுக்காடு ஒதுக்கீட்டையும், உறுப்பு 370-இன் நீக்கத்தையும் அவர் கட்சி ஆதரித்தது.

மறுபக்கமும் உண்டு. நான்கு முறை முதலமைச்சராக இருந்த அவர் காலத்தில் அம்பேத்கர் கிராமத் திட்டத்தின் வழியே சாலையும் மின்சாரமும் சேரிகளுக்குச் சென்றன. பொதுவெளியில் நம் முன்னோர்க்குச் சிலைகள் எழுந்தன. அவர் மீது பொழியப்படும் வசையில் பெரும்பகுதி சாதிவெறியும் பெண்வெறுப்பும் கலந்தது. அந்த வசையோடு நம் விமர்சனம் கலந்துவிடக் கூடாது. அதே வேளையில், அந்த வசைக்கு அஞ்சி நம் விமர்சனத்தை விழுங்கிவிடவும் கூடாது. அரசியலில் பக்தி சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்குமே வழிவகுக்கும் என்று அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தது நம் தலைவர்களுக்கும் சேர்த்துத்தான்.

வாக்காளரால் ஏன் திருத்த முடியவில்லை?

சட்டம் இங்கே வாக்காளருக்குத் துணை நிற்பதில்லை. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களைத் திரும்ப அழைக்கும் உரிமை நமக்கு இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் பத்தாம் அட்டவணைப்படி, கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். எனவே நம் தொகுதி உறுப்பினரை எவ்வளவு நெருக்கினாலும் அவர் தலைமையை மீறத் துணியமாட்டார். தனித்தொகுதி உறுப்பினரின் நிலை இன்னும் இக்கட்டானது. 1932 பூனா ஒப்பந்தத்தின் வழிவந்த கூட்டுத் தொகுதி முறையில், அவருடைய வெற்றி பெரும்பாலும் தலித் அல்லாதார் வாக்கைச் சார்ந்தே அமைகிறது.

கன்சிராம் இதை அறிந்திருந்தார். பூனா ஒப்பந்தத்தின் ஐம்பதாம் ஆண்டில் அவர் எழுதிய நூல், பிறர் கைக்கருவியாகிப்போன தலித் பிரதிநிதிகளைப் பற்றியது. ஆகவேதான் அவர் கட்சியை முதலில் தொடங்கவில்லை. 1978-இல் அரசு ஊழியர்களின் பாம்செஃப், 1981-இல் போராட்ட அமைப்பான டி.எஸ்.4, 1984-இல்தான் கட்சி. வேர் முதலில், கிளை பிறகு. ஆட்சி நெருங்க நெருங்கக் கட்சியே எல்லாமாகி, அதற்கு வெளியே நின்று அதைக் கேள்வி கேட்கும் வலுவுள்ள அமைப்பு இல்லாமற்போனது. தலைமை தவறியபோது திருத்துவதற்கு ஆளில்லை.

அமைப்பு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2018 சான்று. அவ்வாண்டு மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கைது நடைமுறையை நீர்த்துப்போகச் செய்தது. ஏப்ரல் 2 முழு அடைப்பில் பல்வேறு தலித் அமைப்புகளும் இளைஞர்களும் வீதிக்கு வந்தார்கள், பலர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பிரிவு 18அ-வைச் சேர்த்துச் சட்டத்தை மீட்டது. அந்தப் போராட்டத்தை மாயாவதி அவர்களும் ஆதரித்தார். 2007-இல் தாமே தளர்த்திய சட்டத்துக்காக அவரைப் பேச வைத்தது வீதியில் நின்ற மக்களின் வலிமையே.

செய்யக் கூடாதவை

முதலாவது, வாக்களிக்காமல் வீட்டில் இருப்பது. நோட்டாவை அழுத்துவதன் பயனும் ஏறக்குறைய இதுவே. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டா முதலிடம் பெற்றாலும், அடுத்து வரும் வேட்பாளரே வெற்றி பெறுவார். நீதிமன்றத்தில் பிரதிவாதி ஆஜராகாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு வரும், தேர்தலிலும் அப்படியே.

இரண்டாவது, நிபந்தனை ஏதுமின்றி அடுத்த கட்சிக்குத் தாவுவது. 2024-இல் உத்தரப் பிரதேசத் தலித் வாக்குகளில் ஒரு பகுதி சமாஜ்வாதி கட்சிக்குச் சென்றது. பொதுத் தொகுதியான பைசாபாத்தில் அக்கட்சி நிறுத்திய தலித் வேட்பாளர் அவதேஷ் பிரசாத் வென்றார். மகிழத்தக்கதே. ஆனால் பதவி உயர்வில் இட ஒதுக்கீட்டுக்கான திருத்த மசோதாவை 2012-இல் நாடாளுமன்றத்தில் மூர்க்கமாக எதிர்த்ததும் அதே கட்சிதான். எழுத்துப்பூர்வமான உறுதி எதையும் பெறாமல் வாக்கை அளித்தால், பழைய ஏமாற்றம் புதிய கொடியோடு திரும்பி வரும்.

செய்ய வேண்டியவை

தலைவரின் பேச்சை விடுத்துக் கோப்பைப் பாருங்கள். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இன் விதி 16-இன்படி, முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இருமுறையேனும், சனவரியிலும் சூலையிலும், கூட வேண்டும். விதி 17-இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். கூடினவா, என்ன முடிவெடுத்தன என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். 'சமூகநீதி' என்ற சொல்லை எந்தத் தலைவர் எத்தனை முறை சொன்னார் என்பதைவிட இந்த நடவடிக்கைக் குறிப்புகள் அவரைப் பற்றி அதிகம் சொல்லும். இதைத் தொடங்க ஒரு கல்லூரியின் ஐந்து மாணவர்கள் போதும்.

அடுத்து, கோரிக்கைகளைத் தேர்தலுக்கு முன்பே எழுத்தில் வையுங்கள். வேட்பாளரின் பதிலை ஊரறிய வெளியிடுங்கள். குறைந்த தீங்கு செய்பவருக்கு வாக்களிக்க நேர்ந்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வாக்களித்த மறுநாளே அவர் அரசை எதிர்த்துப் போராடுவதில் முரண்பாடு ஏதுமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்சியின் பணத்தையும் பதவியையும் சாராத அமைப்புகளைக் காப்பாற்றுங்கள். கட்சி தவறும் நாளில் அவைதாம் எஞ்சி நிற்கும்.

என்னிடம் வரும் கட்சிக்காரர் வக்காலத்தில் கையெழுத்திடும்போது வழக்கை நடத்தும் பொறுப்பைத்தான் தருகிறார். வழக்கு அவருடையதாகவே இருக்கிறது. நான் சரியாக வாதாடவில்லை எனில் கேள்வி கேட்கலாம், கட்டை வாங்கிக்கொண்டு வேறொருவரிடம் போகலாம். வழக்குரைஞர் மீதுள்ள கோபத்தில் வழக்கையே விட்டுவிடுபவர் இழப்பது தம் நிலத்தை. தலைவர்களுக்கு நாம் அளித்திருப்பதும் வக்காலத்து மட்டுமே. வழக்கு நம்முடையது.