தப்போவைக் கல்லும் நிலப் பிளவும்



புத்தளத்திலிருந்து அநுராதபுரம் செல்லும் பெருந்தெருவில் தப்போவைக் குளத்தைக் கண்டோர் பலர். அதன் அயலிலுள்ள கல்லை உற்று நோக்கினோர் சிலரே. இலங்கையின் பெரும்பகுதி மிகத் தொன்மையான கடும்பாறையால் ஆனது. தப்போவையிலோ மென்மையான மணற்கல்லும் களிக்கல்லும் காணப்படுகின்றன. அவற்றிடையே பன்னம் முதலிய செடிகளின் இலைச் சுவடுகள் பதிந்துள்ளன. அவை யுராசிக் காலத்தவை. ஏறத்தாழ 15 கோடி ஆண்டு முதுமை உடையவை. தெற்கே ஆண்டிகமையிலும் இவ்வினப் பாறை உண்டு.

மழையிற் கரையும் கல் இத்துணைக் காலம் எவ்வாறு எஞ்சியது? இருபுறமும் நிலம் பிளந்து, இடைப்பட்ட பகுதி கீழிறங்கியமையாலேயே எஞ்சியது. உயரத்தில் இருந்தவை அரிப்புண்டு போயின. தாழ்ந்தவை கடும்பாறையின் மடியிற் பிழைத்தன.

பிளவு எவ்வாறு நிகழ்கிறது என்பதை மாணவர்க்கு விளக்க நான் சவர்க்காரக் கட்டியையே நாடுவேன். கட்டியைச் சாய்வாக வெட்டுக. ஒரு துண்டு மற்றதன்மேற் சாய்ந்து நிற்கும். இரண்டையும் விலக்கினால், சாய்ந்த துண்டு வழுகிக் கீழிறங்கும்; இது சாதாரணப் பிளவு. நெருக்கினால், அதே துண்டு மேலேறும். இது நேர்மாற்றுப் பிளவு. ஏறாமலும் இறங்காமலும் பக்கவாட்டில் உரசிச் சென்றால், அது பக்கப் பெயர்ச்சிப் பிளவு.

ஆயினும், ஆழத்திலுள்ள பாறை எப்புறமும் அமுக்கப்பட்டே கிடக்கிறது. அதனை விலக்குவது எங்ஙனம்? ஸ்கொத்லாந்துப் புவியியலாளர் அண்டர்சன் 1905இல் இதற்கு விடை கண்டார். மேலிருந்து அழுத்தும் சுமை ஒன்று. கிடையாக அமுக்கும் விசைகள் இரண்டு. மூன்றினுள் சுமையே மிகுதியாயின் சாதாரணப் பிளவு தோன்றும். அது மிகக் குறைவாயின் நேர்மாற்றுப் பிளவு. இடைப்பட்டதாயின் பக்கப் பெயர்ச்சி. ஆகவே விலக்குதல் என்பது பெரும்பாலும் பக்க அமுக்கம் தளர்வதேயாம். கலைப் பட்டதாரியாகிய எனக்கு இது பிடிபடச் சில நாட்கள் சென்றன.

கொண்டுவானாப் பெருங்கண்டம் உடைந்தபோது, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட நிலம் இவ்வாறே தளர்ந்து மெலிந்து தாழ்ந்தது. மன்னார்க் குடாவின் அடியிலுள்ள பெரும்பள்ளம் அதன் விளைவு. அங்கு 2011இல் துளையிட்டபோது இயற்கை வாயு கண்டறியப்பட்டது. தப்போவை அப்பள்ளத்தின் கரையோரச் சிறு உறவு.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், நம் பிளவும் அசையுமோ என்று மாணவர் அடிக்கடி வினவுவர். சுமாத்திராவுக்கு அப்பால் அன்று அசைந்தது, ஒரு தட்டு மற்றதன்கீழ் நெருக்குண்டு நுழையுமிடத்து நேர்மாற்றுப் பிளவு. நாம் அத்தகைய தட்டெல்லையில் வாழவில்லை. எனினும் குஜராத்தின் கச்சுப் பகுதியை நான் மறைப்பதில்லை. அங்கும் நிலம் பண்டு தளர்ந்து தாழ்ந்ததே. பின்னர் இந்தியா ஆசியாவை முட்டியதால் அமுக்கம் திசைமாறியது. முன்னர் இறங்கிய நிலம் நெருக்குண்டு மேலேறத் தலைப்பட்டது. 2001 ஜனவரி 26இல் பூச் நகரை வீழ்த்திய நடுக்கம் அந்நெருக்கத்தால் வந்தது. கச்சு தட்டெல்லைக்கு நம்மிலும் மிக அணித்து. ஆதலால் தப்போவைக்கும் அதே விதி என்று கூறுவது பொருந்தாது. பிளவு ஒருமுறை இறங்கியதால் என்றும் இறங்குவதே அதன் இயல்பு என்பதும் அவ்வாறே பொருந்தாது. இவ்விரண்டையும் சேர்த்தே மாணவர்க்குச் சொல்கிறேன்.