எலும்பு நம் வைப்பு நிதி

உரக்கடையில் கிடைக்கும் 'செலேட்டட் ஜிங்க்' பாக்கெட் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதில் துத்தநாகத்தைப் பிடித்து வைத்திருப்பது ஈ.டி.டி.ஏ. என்கிற ரசாயனம். 'செலேஷன்' என்ற பெயரே நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. உலோகத்தைக் கொடுக்கு மாதிரி கவ்விக்கொள்ளும்.

இதே ஈ.டி.டி.ஏ.வை நரம்பில் டிரிப்பாக ஏற்றுவதும் உண்டு. ஈய நச்சுக்கு இது முறையான மருத்துவம். ஆனால் "இதய அடைப்பு கரையும், எலும்பும் பலப்படும்" என்று சொல்லி வயதானவர்களுக்கு வரிசையாக டிரிப் ஏற்றும் இடங்களும் இருக்கின்றன. எங்கள் ஊரிலேயே இரண்டு பேர், "சார், போய்ட்டு வரலாமா?" என்று கேட்டார்கள்.

வங்கிக்காரன் பாஷையில் சொல்கிறேன். உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. அது வைப்பு நிதி. ரத்தத்தில் இருப்பது கைச்செலவுப் பணம். 100 மில்லிக்குச் சுமார் 9 முதல் 10 மில்லிகிராம்தான். அது குறைந்தால் இதயத்துடிப்பே தடுமாறும். அதனால் குறைந்த உடனே பாராதைராய்டு ஹார்மோன் சுரந்து, எலும்பை உடைத்துக் கால்சியம் எடுக்கும்.

ஈ.டி.டி.ஏ.வில் இரண்டு வகை. கால்சியம் டைசோடியம் வகை ஏற்கெனவே கால்சியத்தைப் பிடித்திருப்பதால் ஈயத்தைத்தான் தேடும். வெறும் டைசோடியம் வகையோ ரத்தத்துக் கால்சியத்தையே கவ்விச் சிறுநீரில் தள்ளிவிடும். அமெரிக்காவில் 2003 முதல் 2005 வரை, செலேஷன் சிகிச்சையின்போது கால்சியம் சரிந்து மூன்று பேர் இறந்ததை அந்நாட்டு சிடிசி 2006இல் பதிவு செய்தது. அதில் இருவர் குழந்தைகள். ஒரு குழந்தைக்கு ஒரு வகைக்குப் பதில் இன்னொன்றை ஏற்றிவிட்டார்கள். பெயர் ஒரே மாதிரி இருந்ததால் வந்த வினை.

"ஹார்மோன் சுரந்தா எலும்பு வளரும்" என்பதுதான் அவர்கள் வாதம். செலேஷனால் எலும்பு பலப்பட்டதற்கு நம்பகமான சான்று இல்லை. வைப்பு நிதியை உடைத்துச் செலவு செய்தவரைப் பணக்காரராகிவிட்டார் என்று சொல்வோமா?

யாராவது டிரிப் போடச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். ரத்தத்தில் ஈயம் இருப்பது சோதனையில் தெரிந்ததா? எந்த வகை ஈ.டி.டி.ஏ.? கால்சியமும் சிறுநீரகமும் பார்த்தாச்சா?

எலும்புக்கு வேண்டியது நம்ம காட்டிலேயே விளைகிறது. பெரியவர்களுக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். 100 கிராம் கேழ்வரகிலேயே 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. எள்ளு உருண்டை, முருங்கைக்கீரை, மோர் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் நின்று வேலை செய்தால் வைட்டமின் டி தானாகக் கிடைக்கும். எலும்புத் தேய்மானம் என்று தெரிந்தால் அதற்கான மருத்துவரைப் பாருங்கள். அந்த டிரிப் மட்டும் வேண்டாம்.