நடுச்சக்கரம் ஏன் தாழ்ந்திருக்கிறது?

அமெரிக்காவில் 1992 முதல் நடந்துவரும் ஃபர்ஸ்ட் ரோபாட் போட்டியில் களமிறங்கும் மாணவர் யந்திரங்களுள், பக்கத்துக்கு மூன்றாக ஆறு சக்கரம் பூண்டவற்றைக் குனிந்து நோக்கினால், பலவற்றில் நடுச்சக்கரம் மட்டும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது புலப்படும். இரு பக்கச் சக்கரங்களையும் எதிரெதிராகச் சுழற்றித் திரும்புகையில், முன்னும் பின்னும் உள்ளவை தரையைக் குறுக்கே தேய்த்தாக வேண்டியிருப்பதால், அவ்வுராய்வே திருப்பத்துக்கு விரோதியாகிறது. நடுச்சக்கரம் தாழ்ந்திருந்தாலோ, ஒரு சமயத்தில் நான்கே தரையில் ஊன்ற, அவற்றின் இடைத்தூரம் பாதியாகி, திரும்புவது சுலபமாகிறது.

ஸ்வீடன் தேசத்து பெங்க்ட் இலான் 1970களில் கண்ட மெக்கானம் சக்கரம், விளிம்பில் 45 பாகை சாய்ந்த உருளைகளின் உபயத்தால் பக்கவாட்டிலும் நகரும் (கைதட்டல் கிடைப்பது என்னவோ இதற்குத்தான்); ஆனால் எதிராளி விலாவில் மோதினால், அவ்வுருளைகளே உருண்டு இடங்கொடுத்துவிடும். தள்ளுமுள்ளு மிகுந்த களத்துக்குப் புதிய குழுவினர் ஆறு சக்கரத்தையே வரிப்பது விவேகம். ஒவ்வொரு சக்கரமும் தானே திசைமாறும் ஸ்வெர்வ் முறையில், பக்கவாட்டில் நகர்வது, மோதினால் இடங்கொடாதது ஆகிய இரு குணங்களும் உண்டு. ஆனால் அதற்கு எட்டு மோட்டார்கள் வேண்டும்.